முடி கொட்டுவதற்கு மருந்து: கவுண்டரில் கேட்டதும் கேட்கத் தயங்கியதும்

பெங்களூர் அல்சூரில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். ஊர் குடியாத்தம், படித்தது டி.ஃபார்ம். முடி கொட்டுகிறது என்று வரும் பையன்கள் ஒரு தினுசு. முதலில் காய்ச்சல் மாத்திரை கேட்பார்கள், அப்புறம் ஒரு ஸ்ட்ரிப் இருமல் மிட்டாய், அதற்கப்புறம் கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த முடிக்குப் போடுற மருந்து..." என்பார்கள். உண்மையில் கேட்க வந்ததை அப்போதும் கேட்க மாட்டார்கள். அது ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வரும். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துபோய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைப் பற்றிச் சொல்வேன். உங்கள் தலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர்.

ஊரில் இருந்தவரை நன்றாக இருந்தது. பெங்களூர் வந்து ஆறே மாதத்தில் கொட்டுகிறது. இந்தத் தண்ணிதானே காரணம்?

வாரத்துக்கு நாலைந்து பேராவது கேட்பது இது. பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) போர் தண்ணீர், கோடையில் டேங்கர் தண்ணீர். குழாய் வாயில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை படிந்திருக்கும், ஷாம்பு எவ்வளவு போட்டாலும் நுரை வராது. அந்தத் தண்ணீரில் குளித்தால் முடி முரடாகும், சிக்கு விழும், சீவும்போது பாதியில் முறியும். அதெல்லாம் உண்மைதான்.

ஆனால் முறிவது வேறு, வேரோடு விழுவது வேறு. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல்தான் படிகின்றன. தோலுக்கடியில் இருக்கும் வேரைச் சுருக்குவதில்லை. கோயம்புத்தூரில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில், கடின நீரில் ஊறின முடிக்கும் காய்ச்சி வடித்த நீரில் ஊறின முடிக்கும் இழுத்தால் தாங்கும் வலுவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பின்னால் வந்த இன்னோர் ஆய்வு வலு குறைகிறது என்றது. இரண்டும் பேசுவது முடித்தண்டைப் பற்றி. வழுக்கையைப் பற்றி இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். சீப்பில் வந்த முடியைக் கறுப்புத் துணிமேல் வைத்து, போன் டார்ச்சை அடியுங்கள். ஒரு முனையில் கடுகில் கால்வாசி அளவுக்கு வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு வந்த முடி. குமிழ் இல்லாமல், நீளமும் பாதியாக இருந்தால் முறிந்தது. முறிவதுதான் பிரச்சினை என்றால் கண்டிஷனரும், கடைசியில் ஊற்ற ஒரு சொம்பு குடிதண்ணீரும் போதும். என் கடையில் நீங்கள் வாங்க ஒன்றுமில்லை.

இன்னொன்று, வேலைக்காக இந்த ஊருக்கு வரும் வயதும், ஆண்களுக்கு வழுக்கை தலைகாட்டும் வயதும் கிட்டத்தட்ட ஒன்று. ஊரிலேயே இருந்திருந்தாலும் அது வந்திருக்கும். அங்கே இருந்தால் வேறு எதன்மேலாவது பழி போட்டிருப்போம்.

அப்படியென்றால் எனக்கு எதனால் கொட்டுகிறது?

மருந்து வாங்கும்முன் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது.

திடீரென்று தலை முழுக்கக் கொத்துக் கொத்தாக வருகிறதா? அப்படியானால் இரண்டு மூன்று மாதம் பின்னால் போய் யோசியுங்கள். டெங்கு, டைஃபாய்டு, கோவிட், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். போன வருடம் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு பையன் நவம்பரில் வந்தான். தண்ணி, தண்ணி என்று ஒரே புலம்பல். "ஆகஸ்ட்ல காய்ச்சல் வந்துச்சா தம்பி?" என்றேன். டெங்குவில் ஒரு வாரம் படுத்திருந்தானாம். உடம்பு அடிபடும்போது வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும், திரும்பவும் முளைக்கும். இதற்கு வருடக்கணக்கில் மருந்து போடுவது வீண்செலவு.

நெற்றி இரண்டு பக்கமும் உள்ளே ஏறுவது, உச்சியில் மெலிவது, பெண்களுக்கு வகிடு அகலமாவது, இதெல்லாம் பரம்பரை வழுக்கை. கொத்தாகக் கொட்டாது. ஒவ்வொரு முடியும் முளைக்க முளைக்க மெலிந்து பூனைமுடியாகும். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி இதற்குத்தான்.

காசு அளவுக்கு வழவழவென்று வட்டமாகப் போனால் புழுவெட்டு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இவை தவிர தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சில மாத்திரைகள், தலையில் பூஞ்சைத்தொற்று என்றும் காரணங்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி விழுவது எல்லாருக்கும் சகஜம். தலையில் சுமார் ஒரு லட்சம் இருக்கிறது, எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

ஹெல்மெட் போடுவதால் கொட்டுமா?

கொட்டாது. மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் வியர்வையில் அரிக்கலாம், உள்துணியை அடிக்கடி துவையுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

பரம்பரை வழுக்கைக்கு உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து எத்தனை இருக்கிறது?

அலமாரி நிறைய பெட்டிகள் இருந்தாலும் இரண்டே இரண்டுதான் முதல் வரிசை: தலையில் போடும் மினாக்சிடில், ஆண்கள் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு. மற்றவை இவற்றின் உறவுக்காரர்கள் அல்லது துணைக்கு வருபவர்கள்.

இரண்டுமே வாடகை வீடு மாதிரி. கட்டுகிறவரை வீடு உங்களுடையது. அதுவும் பெங்களூர் வாடகை வீடு; பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, முழுப் பலன் தெரிய ஒரு வருடம். நாற்பது நாளில் "வேலை செய்யலக்கா" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, தினமும் போட்டீர்களா என்றுதான்.

மினாக்சிடில் எப்படி வேலை செய்கிறது, எப்படிப் போடுவது?

இது பிறந்தது ரத்த அழுத்த மாத்திரையாக. 1979இல் அமெரிக்காவில் கடுமையான ரத்த அழுத்தத்துக்கு அனுமதி கிடைத்தது. சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி முளைத்தது. பக்கவிளைவையே வியாபாரமாக்கி, 1988இல் 2 சதவீத திரவமாக ஆண்களின் தலைக்கு வந்தது, 1991இல் பெண்களுக்கும். ரத்தக் குழாய்களை விரிக்கும், முடியின் ஓய்வுக்காலத்தைக் குறைத்து வளரும் காலத்தை நீட்டும். முழு ரகசியம் இன்னும் பிடிபடவில்லை. தோலில் இருக்கும் ஒரு நொதி இதை மாற்றினால்தான் மருந்து உயிர் பெறும். அந்த நொதி சிலருக்குக் குறைவு, அதனால்தான் ஒரே பாட்டில் ஒருவருக்குப் பலிக்கிறது, பக்கத்து ரூம்காரருக்குப் பலிப்பதில்லை.

ஆண்களுக்கு வழக்கமாக 5 சதவீதம், காலை ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி. 60 மில்லி பாட்டில் சரியாக முப்பது நாள் வரும். உங்கள் பாட்டில் மூன்று மாதம் வருகிறது என்றால் நீங்கள் போடவில்லை, காட்டுகிறீர்கள். காய்ந்த தலையில், முடிமேல் இல்லாமல் தோலில் படும்படி வகிடு எடுத்துப் போட வேண்டும். நாலு மணி நேரம் நனைக்கக் கூடாது. போட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கழுவாமல் கன்னத்தைத் தேய்த்தால் அங்கேயும் முளைக்கும்.

நெற்றி ஓரத்தைவிட உச்சியில் நன்றாகக் கேட்கும். பத்து வருடமாகப் பளபளக்கும் இடத்தில் எதுவும் முளைக்காது. மெலிந்த முடியைத் தடிப்பாக்கும் மருந்து இது, செத்த வேரை எழுப்பாது.

போட ஆரம்பித்ததும் முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறதே! நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். பாதிப் பேர் தோற்றுப்போகும் இடம் இதுதான். புது முடி கிளம்பும்போது ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிடும். இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை இப்படி இருக்கலாம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பயந்துபோய் நிறுத்துகிறார்கள், பழைய முடியும் போய், புது முடியும் வராமல் நடுவில் நிற்கிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள் என்பது என் சொந்த யோசனை. ஆல்பத்தில் தெரியும்.

அரிப்பும் செதிலும் வருகிறது.

பெரும்பாலும் மருந்து காரணமில்லை, அதைக் கரைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம்தான். அது இல்லாத நுரை வகை கிடைக்கும், விலை கூட. தோல் சிவந்து வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால்வீக்கம் வந்தாலும் அப்படியே.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பரவாயில்லையா?

கவனம் வேண்டும். அப்பா தலையில் போட்ட மருந்து குழந்தையின் தோலிலும் வாயிலும் பட்டு, குழந்தைக்கு உடம்பெல்லாம் முடி முளைத்த சம்பவங்கள் ஸ்பெயினில் பதிவாகி, ஐரோப்பாவில் மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். தொடர்பு விட்டதும் சரியாகிவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைப்பது உங்கள் வேலை என்றால், அது தூங்கினபின் மருந்து போடுங்கள், தலையணை உறையைத் தனியாக வையுங்கள். பூனை வளர்த்தால் இன்னும் ஜாக்கிரதை. கொஞ்சம் நக்கினாலே பூனைக்கு உயிருக்கு ஆபத்து.

அதையே மாத்திரையாகச் சாப்பிடலாமா? நண்பன் சாப்பிடுகிறான்.

இப்போது தோல் மருத்துவர்கள் நிறைய எழுதுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த அளவில் ஒரு சின்னப் பங்குதான், கால் மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராம்வரை. முடிக்கென்று அதிகாரபூர்வ அனுமதி இல்லை, டாக்டரின் அனுபவத்தில் தரப்படுவது. ஒட்டும் திரவம் இல்லை, ஒரு மாத்திரையோடு வேலை முடிந்தது என்பது சௌகரியம். பதிலுக்கு முகத்திலும் கையிலும் முடி, கணுக்கால் வீக்கம், படபடப்பு வரலாம். 2024இல் வெளிவந்த பிரேசில் ஆய்வு ஒன்றில் 5 மில்லிகிராம் மாத்திரை, தலையில் இரண்டு வேளை போடும் 5 சதவீதத் திரவத்தைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. சௌகரியத்துக்காக மாறலாம், அதிக முடிக்காக வேண்டியதில்லை. இதயப் பிரச்சினையோ பி.பி. மாத்திரையோ இருந்தால் நண்பனின் ஸ்ட்ரிப்பைத் தொடாதீர்கள்.

ஃபினாஸ்டரைடு என்ன செய்கிறது?

டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுக்கிறது. பரம்பரை வழுக்கையில் முடிவேரைச் சுருக்குவது அந்த டிஎச்டிதான். இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண்குழந்தைபோலத் தெரிந்து, பருவ வயதில் ஆணாக வளரும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். பிறவியிலேயே அவர்களிடம் அந்த நொதி வேலை செய்யவில்லை என்று ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 1974இல் எழுதினார்கள். அப்படி வளர்ந்த ஆண்களுக்குப் பிராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) சிறியதாகவே இருந்தது, வழுக்கை விழவில்லை. அதே விளைவை மாத்திரையில் கொண்டுவர முடியுமா என்று போனதில் பிறந்தது ஃபினாஸ்டரைடு. 1992இல் பிராஸ்டேட்டுக்கு 5 மில்லிகிராம், 1997இல் முடிக்கு 1 மில்லிகிராம்.

பலன்? இரண்டு வருட ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறையவில்லை அல்லது கூடியது; ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 28 சதவீதம். இருப்பதைக் காப்பாற்றுவதில் இதற்கு ஈடான மாத்திரை குறைவு. புதிதாக முளைக்கவைப்பதில் அவ்வளவு சூரன் இல்லை. அதனால்தான் மினாக்சிடிலையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

அக்கா... அந்தப் பிரச்சினை வருமா?

எந்தப் பிரச்சினை என்று யாருமே எழுதுவதில்லை. மூன்று புள்ளி வைத்துவிடுவார்கள். ஒரு பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். அந்த வரிதான். சரி, நேராகவே பேசுவோம்.

ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்து அளவு குறைவது, இந்த மூன்றும் மருந்தின் பக்கவிளைவுகள். முதல் ஆய்வுகளில் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் 3.8 சதவீதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2.1 சதவீதம் பேருக்கு வந்தது. அதாவது நூறு பேரில் தொண்ணூறுக்கு மேல் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நிறுத்தினதும், சிலருக்குத் தொடர்ந்து சாப்பிடும்போதே, சரியாகிவிட்டது.

பயமே பாதி வேலையைச் செய்துவிடும் என்பதற்கும் ஆய்வு உண்டு. 2007இல் வெளிவந்தது, இத்தாலியில் பிராஸ்டேட் நோயாளிகளிடம் செய்தது. 5 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்து, ஒரு குழுவிடம் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்றார்கள், மற்றதிடம் சொல்லவில்லை. சொன்ன குழுவில் சுமார் 44 சதவீதம் பேர் பிரச்சினை என்றார்கள், சொல்லாத குழுவில் 15 சதவீதம்.

ஆனால் எல்லாம் மனப்பிரமை என்று தள்ளுவதும் தப்பு. மாத்திரையை நிறுத்தின பிறகும் பிரச்சினை தொடர்ந்தது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். மருந்துத் தாளில் அதுவும் ஏறியிருக்கிறது. எத்தனை பேருக்கு, ஏன் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. அரிது என்பது ஆறுதல்தான், அந்த அரிதான ஆள் நீங்களாக இருக்கும்வரை. இதை யாரும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. ஏற்கெனவே அந்த விஷயத்தில் குறை இருந்தால், ஆரம்பிக்கும்முன் டாக்டரிடம் சொல்லுங்கள். பின்னால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. மார்பு வீங்கினாலோ வலித்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ உடனே காட்டுங்கள்.

மனச்சோர்வு வரும் என்கிறார்களே?

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பாதுகாப்புக் குழு, ஃபினாஸ்டரைடு மாத்திரைக்குத் தற்கொலை எண்ணம் ஒரு பக்கவிளைவு என்று உறுதிப்படுத்தியது. பதிவானவற்றில் அதிகம் முடிக்காகச் சாப்பிட்ட 1 மில்லிகிராம்காரர்கள். அடிக்கடி நடப்பது இல்லை. ஆனாலும் முன்பு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரை ஆரம்பித்திருப்பதை ரூம்மேட்டிடமோ மனைவியிடமோ சொல்லி வையுங்கள், நாம் மாறினால் நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். முடி காத்திருக்கும்.

மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் / குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.

கர்ப்பிணிகள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடக்கூடக் கூடாது. வயிற்றில் ஆண்குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கும். முழு மாத்திரையின்மேல் பூச்சு இருப்பதால் தொட்டால் பிரச்சினை இல்லை. விந்தின் வழியாகப் போகும் அளவு மிகமிகக் குறைவு. சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் ஏறும். முயற்சி செய்தும் தள்ளிப்போகிறது என்றால் பரிசோதனைக்குப் போகும்போது இந்த மாத்திரையைச் சொல்லாமல் விடாதீர்கள். முடி மருந்துதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

அதேபோல ரத்ததானம். ஆபீஸில் முகாம் போட்டால் உற்சாகத்தில் படுத்துவிடாதீர்கள், மாத்திரை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். நாற்பது தாண்டினவர்கள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: பிராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனையில் இந்த மாத்திரை எண்ணைப் பாதியாகக் காட்டும்.

5 மில்லிகிராம் மாத்திரையை நாலாக உடைத்தால் மலிவாக வருமே?

கணக்கு சரிதான், துண்டுகள் சரியாக வராது, தூள் மேஜையெல்லாம் சிந்தும். வீட்டில் கர்ப்பமாகக்கூடிய வயதில் பெண்கள் இருந்தால் செய்யவே செய்யாதீர்கள். 1 மில்லிகிராமிலேயே மலிவான கம்பெனி மருந்து இருக்கிறது, கேளுங்கள், எடுத்துத் தருகிறேன். சீட்டு இருந்தால்.

டூடாஸ்டரைடு இன்னும் வலுவானதாமே?

ஆமாம். ஃபினாஸ்டரைடின் உறவுக்கார மாத்திரை இது. டிஎச்டியை உண்டாக்கும் நொதியின் இரண்டு வகையையும் தடுக்கும், ரத்தத்தில் டிஎச்டியைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இறக்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் முடிக்கே அனுமதி உண்டு. சிக்கல் என்னவென்றால், உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஐந்து வாரம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இன்றைக்கு நிறுத்தி நாளைக்கு விடுபட முடியாது. ரத்ததானத்துக்கும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். முதல் மருந்தாக இதை யாராவது கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

பெண்களுக்கு?

முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு. பெண்களின் முடிப்பிரச்சினையில் பெரிய பங்கு, காலையில் காபியோடு கேப் ஏறி மத்தியானம்வரை சாப்பிடாத வாழ்க்கையில் இருக்கிறது என்பது நான் கவுண்டரில் பார்த்துச் சொல்வது. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பரம்பரை வகைதான் என்று தெரிந்தால் மினாக்சிடில் போடலாம், 2 சதவீதம் இரண்டு வேளை அல்லது 5 சதவீத நுரை ஒரு வேளை. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேண்டாம். ஹார்மோன் பக்கம் ஸ்பைரோனோலாக்டோன் எழுதுவார்கள். அதுவும் பழைய ரத்த அழுத்த மருந்துதான். பொட்டாசியம் ஏறலாம், கர்ப்பம் தரிக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாவது மாதம் கொட்டுவதற்கு எதுவும் வேண்டாம், குழந்தை முதல் பிறந்தநாளை நெருங்கும்போது பெரும்பாலும் திரும்பியிருக்கும். அதுவரை மாமியார் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பார், மாற்றட்டும்.

புழுவெட்டுக்கு வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார்களே?

புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புசக்தியே முடிவேரைத் தாக்குகிறது. ஒன்றிரண்டு வட்டம் என்றால் பலருக்குத் தானாகவே முளைத்துவிடும். அந்த நேரத்தில் தேய்த்துக்கொண்டிருந்த சின்னவெங்காயத்துக்குப் பேர் கிடைக்கிறது. அழுத்தித் தேய்த்துத் தோல் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர்கள் வட்டத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அது நன்றாகக் கேட்கும். தலை முழுக்கப் போனவர்களுக்கு இப்போது புது வகை மாத்திரைகள் உண்டு. பாரிசிட்டினிபுக்கு 2022 ஜூனில் அமெரிக்க அனுமதி வந்தது. தொற்று, ரத்தம் உறைதல் போன்ற பெரிய அபாயங்கள் இருப்பதால் பரிசோதனைகளோடுதான் தருவார்கள்.

பயோட்டின் மிட்டாய்?

குறைபாடு இருந்தால் பயன்படும், அந்தக் குறைபாடே அபூர்வம். நிறையச் சாப்பிட்டால் தைராய்டு, இதயப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும்முன் லேபில் சொல்லுங்கள். விற்றால் எனக்குத்தான் லாபம், இருந்தாலும் சொல்கிறேன்.

கரிசலாங்கண்ணி எண்ணெய், மொட்டை?

எண்ணெய் முடியை வழுவழுப்பாக்கும், முறிவதைக் குறைக்கும், அம்மா தேய்த்துவிட்டால் தூக்கமும் வரும். வழுக்கையை நிறுத்தாது. திருப்பதியில் மொட்டை போட்டு வந்தால் முளைக்கும்போது எல்லா முடியும் ஒரே நீளத்தில் மொட்டை நுனியோடு வருவதால் அடர்த்தியாகத் தெரியும். வேர் தோலுக்குள்ளே, கத்தி வெளியே. வேண்டுதல் இருந்தால் போடுங்கள்.

ஊசி ரோலர்?

2013இல் வெளிவந்த மும்பை ஆய்வு ஒன்றில் நூறு ஆண்களில், மினாக்சிடிலோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ஊசி உருட்டினவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் வெறும் மினாக்சிடிலைவிட நன்றாக முளைத்தது. ஆனால் அது மருத்துவமனையில் செய்தது. பிஜியில் மூன்று பேர் ஒரே ரோலரை மாற்றி மாற்றி உருட்டுவது வேறு விஷயம். மஞ்சள்காமாலை அதன் வழியாகப் பரவலாம்.

போனில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் கிட் அனுப்புகிறார்களே?

ஒரு தம்பி அப்படி வந்த ஸ்ப்ரேயை எடுத்துவந்து காட்டினான். முன்பக்கம் மூலிகைப் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு. தலையில்தானே போடுகிறோம் என்று அவன் நினைத்திருந்தான். தோல் வழியாகப் போகும் ஃபினாஸ்டரைடு ரத்தத்தில் குறைவுதான், பூஜ்யம் இல்லை. அதே பக்கவிளைவுகள் வரலாம், கர்ப்பிணி மனைவிக்கு அதே எச்சரிக்கை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். போர்டு வைத்திருப்பவரெல்லாம் தோல் மருத்துவர் இல்லை என்பதையும் பாருங்கள். காசு யோசனை என்றால் பௌரிங், விக்டோரியா என்ற அரசு ஆஸ்பத்திரிகள் இரண்டிலும் தோல் பிரிவு ஓ.பி. இருக்கிறது, காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மருந்தால் நின்ற முடி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் போகும். போடாமலே இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பீர்களோ அங்கே வந்து சேர்வீர்கள். மருந்து போட்டு நிறுத்தினதால் இன்னும் மோசமானது என்று தோன்றும், நடுவில் கடந்த வருடங்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. என் தம்பி நாலு வருடம் போட்டான், கல்யாணம் ஆகி இரண்டாவது பிள்ளையும் பிறந்தபின் ஒருநாள் சலித்துப்போய் விட்டுவிட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் டிரிம்மரால் ஒட்ட வழித்துக்கொள்கிறான். அவன் மகள் மண்டையைத் தடவி, தேங்காய் என்கிறாள்.

மீதி பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?

சீல் உடைக்காதது, பில்லோடு வந்தால் எடுத்துக்கொள்வேன். உடைத்ததை இல்லை. நண்பனுக்கும் கொடுக்காதீர்கள்.